அளந்த அளவும் வரைபட அளவும்

எங்கள் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று ஓர் அறையைக் கண்ணாடி வைத்துத் தடுத்து, ஏர்கண்டிஷனர் மாட்டி, தரைக்கு விரிப்புப் போட்டார்கள். தூசி ஆகாது என்று மேனேஜர் உட்பட எல்லாரும் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எண்பதுகளில் பாதி போயிருந்தது. எனக்கு இருபத்தைந்து வயது. டிராயிங் ஆபீசில் இருந்த பதினான்கு பேரில் நான் ஒருத்திதான் பெண். வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாகவில்லை. கம்ப்யூட்டர் வந்தால் ஆட்களுக்கு வேலை போகும் என்று யூனியன் சொல்லிக்கொண்டிருந்ததால் மற்றவர்கள் அதைத் தொடத் தயங்கினார்கள். அதனால் அந்த அறை என் கைக்கு வந்தது.

தொழிற்சாலை வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகத்தைத் தாண்டி இருந்தது. மின்விசிறிக்கு வேண்டிய தகட்டுச் சாமான்களை பிரஸ்ஸில் அடித்து எடுப்பார்கள். காளிகாட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். அப்பா பாங்கில் ஆபீசர். பெண் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள் என்பதைக் கோயிலுக்குப் போகிற வழியிலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்ப்யூட்டரில் வந்த டிராயிங் சாஃப்ட்வேர் கோடு போடும், வட்டம் போடும், அவ்வளவுதான். ஆனால் அதற்குள்ளேயே சின்னச் சின்னக் கட்டளைகளை எழுத முடியும் என்பதைக் கையேட்டின் பின்பக்கங்களில் கண்டுபிடித்தேன். ஒரு சக்கரத்தை ஐந்து டிகிரி திருப்பினால் அதோடு இணைந்த தண்டுகள் எங்கெங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டு, அந்த நிலையைப் படமாக வரைந்து சேமித்துக்கொள்ளும்படி எழுதினேன். மறுபடி ஐந்து டிகிரி, மறுபடி ஒரு படம். முழுச் சுற்றுக்கு எழுபத்திரண்டு படங்கள். வரைந்து முடிக்கக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிற்பகல் முழுக்க ஆகும். பிறகு அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டச் சொன்னால் திரையில் இயந்திரம் ஓடும்.

முதல் முறை அது ஓடியபோது கணக்குப் பிரிவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வெறுங்காலோடு நின்று பார்த்தார்கள். மேனேஜர் வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகளை அழைத்து வந்து காட்ட ஆரம்பித்தார். எனக்குத் தலைக்கனம் ஏறியது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

பிரஸ் ஷாப்பில் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கிடர்பூர் டாக்கில் மூட்டை தூக்க வந்தவர். இவர் இங்கேயே பிறந்தவர். ஒன்பது வருடமாகப் பதிலித் தொழிலாளி. யாராவது வராத அன்றைக்குத்தான் வேலை, தினமும் காலையில் கேட்டில் வந்து நிற்க வேண்டும். ஒரு பிரஸ்ஸை அளக்க நான் முதன்முதலாக ஷாப்புக்குப் போனபோது, வாய்க்குள் தமிழில் எண்ணிக்கொண்டிருந்ததை என் உதட்டசைவிலேயே கண்டுகொண்டார்.

"இன்னாம்மா, தமிழா நீங்க?" என்றார். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் டார்ச் பிடிப்பார், நான் கை வைக்கப்போகிற இடத்தில் எண்ணெயைத் துடைத்து வைப்பார். மற்றவர்களிடம் வங்காள மொழியில் என்னை "எங்க பொண்ணு" என்று சொல்வார். எனக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். டாக்குக் கூலியின் மகனும் நானும் ஒரே ஊர்க்காரர்கள் என்று ஆபீசில் யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று பயப்படுவேன். இதை இப்போது எழுத முடிகிறது.

துர்கா பூஜைக்கு இரண்டு வாரம் இருந்தபோது அவருடைய வலது கையில் நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. பிரஸ் ஷாப்பின் சத்தம் ஒரேயடியாக நின்றதும்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் இறங்கிப் போவதற்குள் அவரை எடுத்துப் போயிருந்தார்கள். தரையில் மரத்தூள் கொட்டியிருந்தது.

அவர் வேலை பார்த்த பிரஸ்ஸில் கார்டு என்று ஒரு பாதுகாப்புக் கருவி உண்டு. மேலேயிருந்து இரும்புத் தலை இறங்கும்போது, அதோடு இணைந்த ஒரு நீளமான கம்பி குறுக்கே வீசி வந்து, தொழிலாளியின் கை உள்ளே இருந்தால் வெளியே தள்ளிவிடும். மின்சாரம் கிடையாது, நெம்புகோலும் நான்கு பின்களும்தான். தலை இறங்கினால் கம்பி வீசியே ஆக வேண்டும். பின்னே எப்படிக் கை உள்ளே இருந்தது? வேகமாக வேலை பார்ப்பதற்காக அவரே கார்டைக் கழற்றி வைத்திருந்தார் என்பது நிர்வாகத்தின் பேச்சு. அப்படியானால் தவறு அவருடையது. நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. கம்பெனியே ஒரு விசாரணை வைத்தது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்.

"அந்தக் கார்டு ஓடுவதை உங்கள் திரையில் காட்ட முடியுமா?"

அவர் முடிப்பதற்குள் "முடியும் சார்" என்றேன். அதைப் போலக் கடினமான ஒன்றை நான் அதுவரை செய்ததில்லை. எனக்கு உற்சாகமாக இருந்தது.

அன்றைக்கே வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஷாப்புக்குப் போனேன். பிரஸ்ஸைக் கழுவி வைத்திருந்தார்கள். நெம்புகோலின் நான்கு பின்களையும் உருவி அளந்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பின் ஒன்றில் பதினொன்றுக்கும் குறைவாக இருந்தது. ஓட்டைகள் வட்டமாகவே இல்லை, முட்டை போல நீண்டிருந்தன. ஒவ்வொரு பின்னிலும் இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம். இரண்டு மில்லிமீட்டர் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நெம்புகோலின் மறுமுனைக்குப் போகும்போது நான்கும் சேர்ந்து பெருகி, கம்பியின் நுனி நான்கு விரற்கடை பின்தங்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கார்டு இணைப்பிலிருந்ததா இல்லையா என்று அவர் வாயாலேயே கேட்டால் என் வேலை துல்லியமாக இருக்கும் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுத்திருந்தார். அவருடைய மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கழட்டலம்மா," என்றார். "அது பாட்டுக்கு லொடலொடன்னு ஆடும். லேட்டா வரும். ஃபோர்மேன்கிட்ட மூணு தபா சொன்னேன். பூஜ முடியட்டும்னான்."

"அளந்துட்டேன். தேஞ்சுதான் இருக்கு," என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். "கேட்டியா? கம்ப்யூட்டர்ல போடப் போவுது. அது பொய் சொல்லாது."

அவள் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டாள். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். ஆனால் அது எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பி வந்து மூன்று நாள் வேலை பார்த்தேன். நடுவில் கரண்ட் போய், சேமிக்காத படங்கள் போய், மறுபடி ஆரம்பித்தேன். தகட்டை வைத்து அடிக்கிற அச்சான டைக்கு மேலே ஒரு கையும் வேண்டுமே. டிஜிட்டைசர் பலகையின் மேல் என் வலது கையை விரித்து வைத்து, இடது கையால் ஓரமாகக் கோடு இழுத்தேன். என் கை திரையில் வந்தது.

நான் அளந்த அளவுகளைப் போட்டு ஓட்டினேன். தலை இறங்கியது. கம்பி அசையவில்லை. தலை இன்னும் இறங்கியது. பிறகு கம்பி திடுக்கிட்டதுபோல் ஒரு துள்ளு துள்ளி, பாதி தூரம் வருவதற்குள் தலை என் கைக் கோட்டின் மேல் ஏறி அதைக் கடந்து போயிற்று. அவர் சொன்னது அப்படியே நடந்தது.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாராட்டுவார் என்றே எதிர்பார்த்தேன். இரண்டு முறை பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த அளவெல்லாம் எங்கே எடுத்தீர்கள்?"

"இயந்திரத்தில் சார்."

"இயந்திரத்தில் எடுக்கச் சொல்லி யார் சொன்னது? நமக்கு டிராயிங் இருக்கிறது. டிராயிங்தான் இயந்திரம். அதில் உள்ள அளவைப் போடுங்கள்."

"ஆனால் சார், தேய்மானம்..."

"விபத்துக்கு முன்பு தேய்ந்ததா, விபத்தில் வளைந்ததா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" கோபமே இல்லாமல் கேட்டார். பிறகு எழுந்துகொண்டே, "பெங்களூரில் இதற்கு ஆறு வாரப் பயிற்சி இருக்கிறது. ஒரு பெயர் அனுப்ப வேண்டும். உங்கள் நிரந்தர ஆர்டரும் என் மேஜையில்தான் இருக்கிறது," என்றார்.

பயந்துதான் செய்தேன் என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். டிராயிங் அளவுகளைப் போட்டு ஓட்டியபோது கம்பி தண்ணீரில் போவதைப் போல வழுக்கிக்கொண்டு வந்தது. தலை மூன்றில் ஒரு பங்கு இறங்குவதற்குள் கையை அணைத்துத் தள்ளி வெளியே கொண்டுபோய் விட்டது. அவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை. தேய்ந்த அளவில் ஓடியது விகாரமாக, முட்டி மோதி ஓடியது. நான்கு பேர் முன்னால் எதைக் காட்ட ஆசைப்பட்டேன் என்று எனக்குத் தெரியும். தேய்ந்த அளவில் வரைந்த எழுபத்திரண்டு படங்களையும் நானே அழித்தேன். அழிக்கும்படி அவர் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரை நகர்த்த முடியாதென்பதால் விசாரணையை அந்த அறையிலேயே வைத்தார்கள். விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வக்கீலைக் கம்பெனி அமர்த்தியிருந்தது. பர்சனல் ஆபீசர், மேனேஜர், ஃபோர்மேன், நான். பதிலி ஆளுக்காக யூனியன்காரர்கள் வரவில்லை.

அடிபட்டவர் கம்பெனி ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார். மரியாதைக்காகப் போட்டுக்கொண்டிருப்பார். கண்ணாடிக்கு வெளியே நின்று இடது கையால் லேசை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிக்கொண்டது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். உள்ளே நாங்கள் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். "இதற்கே இவ்வளவு நேரமென்றால்," என்று ஃபோர்மேன் வங்காள மொழியில் சொல்ல, பர்சனல் ஆபீசர் சிரித்தார். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். எழுந்து போயிருந்தால் நான்கு எட்டு. போகவில்லை. கடைசியில் ஒரு காலால் மற்றக் காலின் குதிகாலை மிதித்து, லேஸ் அவிழாமலே இரண்டு ஷூக்களையும் உருவிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

படத்தை ஓட்டினேன். என் கை டைக்கு மேல் இருந்தது, தலை இறங்கியது, கம்பி வந்து கையைத் தள்ளியது.

"இன்னொரு முறை," என்றார் வக்கீல்.

ஓட்டினேன்.

"கொஞ்சம் மெதுவாக முடியுமா?"

மெதுவாக ஓட்டினேன். ஐந்து விரலோடும் அந்தக் கை வெளியே போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அழுக்கேறிய கட்டுப் போட்ட தன் கையை மடியில் வைத்திருந்தார். ஃபோர்மேன், "பார், தட்டிவிடுகிறது, குழந்தையை அடுப்பிலிருந்து தள்ளுகிற மாதிரி," என்றான். மேனேஜர்கூட அதற்குப் புன்னகை செய்தார். நானும் செய்தேன் என்று நினைக்கிறேன்.

வக்கீல் இந்தியில் அவரிடம் கேட்டார். "கார்டு இணைப்பில் இருந்தால் கை உள்ளே இருக்க முடியாது. உன் கை உள்ளே இருந்தது. ஆகவே நீ கழற்றியிருக்கிறாய். என்ன சொல்கிறாய்?"

"நான் கழற்றவில்லை சாப்," என்று இந்தியிலேயே சொன்னார். திரையைக் காட்டினார், என்னைப் பார்த்தார். பிறகு தமிழில், தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஏம்மா, நீங்க அளந்தீங்களே? தேஞ்சிருக்குன்னு சொன்னீங்களே?"

அறையில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. வக்கீல் என் பக்கம் திரும்பி, "என்ன கேட்கிறார்?" என்றார் ஆங்கிலத்தில்.

"ஒன்றுமில்லை சார். நான் எந்த ஊர் என்று கேட்கிறார்."

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் சொல்லிவிட்டேன் என்றே நினைத்திருப்பார், ஏனென்றால் வக்கீலின் முகத்தையே ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் சலிப்போடு தாளைத் திருப்பினார். "அப்படியானால் முடிந்தது. நீங்கள் காட்டியதெல்லாம் இந்த இயந்திரத்தின் அளவுகள்தானே?" என்று என்னைக் கேட்டார்.

"டிராயிங்கின்படி, ஆமாம் சார்."

எழுதிக்கொண்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் வெளியே போய் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு படி இறங்கினார்.

அந்த வாரமே அவரை நீக்கினார்கள். அதற்கடுத்த வாரம் என் நிரந்தர ஆர்டர் வந்தது. அதே நாளில் மேனேஜர் ஒரு சீட்டுக் கொடுத்தார். அந்தப் பிரஸ்ஸின் கார்டுக்குப் புதிய பின்களும் அவை உட்காரும் புஷ்களும் செய்ய டிராயிங் வேண்டும். அதுவரை வேறொரு பதிலி ஆள் அந்தத் தேய்ந்த கார்டோடுதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நான் மதியத்துக்குள் வரைந்து கொடுத்தேன்.

பூஜை விடுமுறை முடிவதற்குள் ஒருநாள் காலையில் அவருடைய மனைவி எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டாள். அப்பா உள்ளே வந்தார்.

"யாரோ ஒரு பொம்மனாட்டி வந்திருக்கா. அலிப்பூர்ல லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கணுமாம். நீ ஏதோ அளந்து வெச்சிருக்கியாமே, அதை எழுதித் தரணும்கறா. என்னடி இது?"

"நான் இல்லைன்னு சொல்லிடுங்கோப்பா."

"செருப்பு வாசல்லயே கிடக்கறதேடி."

"சொல்லிடுங்கோ."

அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "அவ ஊர்ல இல்லை," என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவள் சண்டை போடவில்லை. "வந்தா சொல்லுங்கய்யா. நாளைக்கும் வரேன்," என்றாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் அப்பா கதவைத் திறக்கவே இல்லை. என்னிடம் காரணமும் கேட்கவில்லை. என் வேலையைப் பற்றி வெளியில் பேசுவதை மட்டும் அதோடு விட்டுவிட்டார்.

நான் பெங்களூருக்குப் போய்ப் பயிற்சி முடித்து வந்தேன். அங்கே எல்லாருக்கும் அந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டினேன். கை தத்ரூபமாக இருக்கிறது என்றார்கள்.

இரண்டு வருடம் கழித்து மேனேஜர் மாற்றலாகிப் போனார். அவருக்குப் பயப்பட இனி ஒன்றுமில்லை என்று ஆன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. தைரியம் என்று அதைச் சொல்லக் கூடாது. நோட்டைத் தேடி எடுத்து, நான்கு பின்களின் அளவையும் நான்கு ஓட்டைகளின் அளவையும் எழுதி, விசாரணையில் காட்டியது இவை அல்ல என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடர்பூருக்குப் போனேன். டாக்குக்குப் பின்னால் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அவர் வீட்டில்தான் இருந்தார். ஏதோ கிடங்கில் காவல் இருப்பதாகச் சொன்னார். இளைத்துப் போயிருந்தார். என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். மனைவி கதவோரம் நின்றாள். நான் காகிதத்தை நீட்டினேன். அவர் வாங்கி, அது ஆங்கிலத்தில் இருந்ததால் திருப்பிக் கொடுத்தார்.

"படிச்சுச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முதல் பின் இவ்வளவு, இரண்டாவது பின் இவ்வளவு. அன்றைக்கு வக்கீலிடம் அவர் கேட்டதை நான் மாற்றிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அது காகிதத்தில் இல்லை. சொல்லிவிட்டு, "ஏன் நீங்க இந்தியில திருப்பிக் கேக்கல?" என்றேன். அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க எனக்கு எப்படி வாய் வந்ததோ.

அவர் யோசித்தார். "நீங்க சொல்லிட்டீங்கன்னுல்ல நெனச்சேன். வக்கீல் ஐயாதான் ஒத்துக்கலன்னு நெனச்சேன். இவகிட்டகூட அதான் சொன்னேன், அந்தப் பொண்ணு சொல்லிப் பாத்துச்சுன்னு."

மனைவி அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"அலிப்பூர்ல மனுவத் தள்ளிட்டாங்க. போன வருசமே," என்றாள். "இத வெச்சுக்கினு நாங்க இன்னா பண்றது? உங்களுக்கு இருக்கட்டும், எடுத்துக்கினு போங்க."

"ஒருவேளை மறுபடி போட்டா..."

"போங்கம்மா," என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஷாப்பில் வழக்கமாக "வாங்கம்மா" என்று கூடவே வருகிறவர், எழுந்திருக்கவில்லை. நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சந்து முனையில் கைவண்டிகள் வழி மறித்துக்கொண்டு நின்றன. அவை நகர்கிறவரை அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. உள்ளே அவள் குரல் உயர்ந்து கேட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. வேலைக்குப் போனேன். அந்தக் காகிதத்தைப் புது மேனேஜரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் இன்னும் ஆறு வருடம் வேலை பார்த்தேன்.